அயல் என்பது எந்த அயல்? வெனிலாக் கட்டுரை குறித்து ஒரு விளக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் வெனிலா வரலாற்றைப் பற்றித் தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை இத்தீவில் வாழும் தமிழர்கள் சிலர் ஆவலோடு வாசித்தோம். எங்கள் தீவைப் பற்றித் தமிழில் எழுதுவோர் குறைவு. எழுதுவோரும் பெரும்பாலும் எரிமலையையும் தீமிதித் திருவிழாவையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எட்மோன் அல்பியுஸ் என்ற அடிமைச் சிறுவன் 1841-இல் தன் பன்னிரண்டாம் வயதில் கண்டறிந்த, வெனிலாப் பூவைக் கையால் காய்க்கச் செய்யும் வழிமுறையைத் தமிழ் மாணவர்களுக்கு எடுத்துரைத்ததற்காகக் கட்டுரையாளருக்கு நன்றி கூறக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அச்சிறுவன் செய்ததை அக்கட்டுரை தொடக்கம் முதல் முடிவுவரை 'அயல் மகரந்தச் சேர்க்கை' என்றே குறிப்பிடுகிறது. ஓரிடத்தில் 'அயல் கருவுறுதல்' என்றும் மாற்றி எழுதுகிறது. இரண்டும் பொருந்தா. அல்பியுஸ் செய்தது தன் மகரந்தச் சேர்க்கை, அதாவது ஒரு பூவின் தாதை (மகரந்தத்தை) அதே பூவின் சூலகமுடியில், தாதை ஏற்கும் பெண் உறுப்பின் பகுதியில், சேர்த்தது. தேர்வெழுதும் மாணவர்கள் வாசிக்கும் பகுதி என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் பூவின் அமைப்பைப் பார்க்கலாம். வெனிலா ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. அதன் பூவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒரே சிறு தூணாக ஒன்றிணைந்து நிற்கின்றன. தூணின் நுனியில் தாதுத்திரளும், அதற்குச் சற்றுக் கீழே பசையுள்ள சூலகமுடியும் அமைந்திருக்க, இரண்டுக்கும் இடையே ஒரு சிறு மடல் திரைபோல் தடுத்து நிற்கிறது. தாது தானாக விழுந்து சூலகமுடியைச் சேர அந்த மடல் விடுவதில்லை. பூ விடியலில் விரிந்து பிற்பகலுக்குள் வாடிவிடுகிறது. அதற்குள் சேர்க்கை நடைபெறாவிட்டால் பூ உதிர்ந்துவிடும், காயில்லை. தாயகமான மெக்சிகோவில் இப்பணியைத் தேனீக்கள் செய்கின்றன. எந்தத் தேனீ என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மெலிபோனா என்ற கொடுக்கில்லாத் தேனீயே என நெடுங்காலம் நம்பப்பட்டது. பிற்கால ஆய்வாளர்கள் பலர் ஆர்க்கிட் தேனீக்களைச் சுட்டுகிறார்கள். எதுவாயினும் அத்தேனீக்கள் இந்தியப் பெருங்கடல் தீவுகளில் இல்லை. 1819-க்கும் 1822-க்கும் இடையில் சில தவணைகளில் இங்குக் கொண்டுவரப்பட்ட வெனிலாக் கொடி நன்றாகப் படர்ந்தும் காய்க்காமல் நின்றதற்குக் காரணம் இதுவே.

அல்பியுஸ் ஒரு மெல்லிய குச்சியால் அந்த மடலை மேலே தூக்கி, கட்டை விரலால் தாதுத்திரளைச் சூலகமுடியின் மேல் அழுத்தினான். ஒரு பூவுக்குச் சில நொடிகளே ஆகும் வேலை. அவனுக்கு முன்னர் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் தாவரவியலாளர் சார்ல் மோரென் 1836-இலேயே கண்ணாடிக் குடிலில் வெனிலாவைக் கையால் காய்க்கச் செய்திருந்தார் என்பதையும், தோட்டத்தில் ஆயிரக்கணக்கான பூக்களுக்குச் செய்யத்தக்க எளிய முறையைத் தந்தவன் அல்பியுஸே என்பதையும் தங்கள் கட்டுரை நேர்மையாகப் பதிவு செய்திருக்கிறது. ஆனால் அந்தச் செயலை ஒருமுறை மனத்தில் நடத்திப் பார்ப்பவர் எவருக்கும், தாது அந்தப் பூவை விட்டு வெளியே செல்லவே இல்லை என்பது விளங்கும். அங்கே அயல் எதுவும் இல்லை.

இந்தத் தவறு ஏன் இவ்வளவு எளிதாக நேர்கிறது? 'அயல்' என்ற அடைமொழியை நம் பாடநூல்கள் மிகப் பரந்த பொருளில் ஆள்வதே காரணம் என்று நினைக்கிறேன். பூச்சியோ காற்றோ மனிதக் கையோ, வெளியிலிருந்து ஏதாவது ஒன்று வந்து உதவினால் அது அயல் சேர்க்கை என்ற எண்ணம் மாணவர்களிடம் பரவலாக இருக்கிறது. இங்குள்ள பள்ளியொன்றில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இதே குழப்பத்தைப் பிரெஞ்சு மொழியில் பயிலும் மாணவர்களிடமும் கண்டிருக்கிறேன் என்பதைச் சொல்ல வேண்டும். தாதை யார் கொண்டுவந்தார் என்பதை வைத்துத் தாவரவியல் சேர்க்கையைப் பிரிப்பதில்லை. அந்தத் தாது எந்தப் பூவுடையது, எந்தச் செடியுடையது என்பதே கேள்வி. கொண்டுவருவோரை வைத்துப் பிரிக்கும் பெயர்கள் தனியே உள்ளன: காற்று வழி, நீர் வழி, பூச்சி வழி, பறவை வழி என்று. இரண்டு வகைப்பாடுகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்பவை. பூச்சி வழியே தன் சேர்க்கையும் நடக்கலாம், அயல் சேர்க்கையும் நடக்கலாம்.

இப்பாகுபாட்டுக்கு இன்று வழங்கும் கிரேக்கப் பெயர்களின் வரலாற்றை இங்கே சொல்வது பயனுடையதாகும். இன்ஸ்புரூக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, 1878-இல் வியன்னாவுக்குச் சென்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர் அன்டன் கெர்னர், ஆல்ப்ஸ் மலைப் பூக்களையும் அவற்றை நாடி வரும் பூச்சிகளையும் பல ஆண்டுகள் கவனித்தவர். 1876-இல் அவர் தாதுச் சேர்க்கையை மூன்றாகப் பகுத்துப் பெயரிட்டார். ஒரு பூ தன் தாதையே ஏற்பது ஆட்டோகேமி. ஒரு பூ அதே செடியிலுள்ள வேறொரு பூவின் தாதை ஏற்பது கெய்ட்டனோகேமி. ஒரு செடியின் பூ வேறொரு செடியின் தாதை ஏற்பது ஜீனோகேமி. பின்னிரண்டையும் ஒன்றாகச் சுட்ட அல்லோகேமி என்ற பொதுப்பெயர் வழங்குகிறது. தமிழில் 'அயல் மகரந்தச் சேர்க்கை' என்று நாம் எழுதுவது பெரும்பாலும் இந்தப் பொதுப்பெயருக்கு ஈடாகவே.

இச்சொற்களின் பின்பாதியான 'கமோஸ்' கிரேக்கத்தில் திருமணம் என்று பொருள்படும். தாவரங்களின் சேர்க்கையைத் திருமணமாகக் காண்பது கெர்னர் தொடங்கியதன்று. 1735-இல் தாவரங்களை மகரந்தத்தாள்களின் எண்ணிக்கை கொண்டு வகுத்த ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ், தாள்களைக் கணவராகவும் சூலகத்தை மனைவியாகவும் உருவகித்தார். பூவாத் தாவரங்களுக்கு அவர் இட்ட 'கிரிப்டோகேமியா' என்ற பெயரின் பொருளே மறைவான திருமணம் என்பது. எங்கள் தீவிலும் இந்த உருவகம் வேறொரு வழியில் நிலைத்திருக்கிறது. வெனிலாப் பூக்களுக்குக் கைச்சேர்க்கை செய்யும் பெண்களைப் பிரெஞ்சில் 'மரியேஸ்' என்பார்கள், அதாவது மணமுடித்து வைப்பவர்கள். வேலையையே 'வெனிலாவுக்கு மணம் செய்வது' என்றுதான் சொல்வார்கள். தேர்ந்த ஒருவர் ஒரு நாளில் ஆயிரம் பூக்களுக்கு மேல் மணம் முடிப்பார். தமிழ்க் கலைச்சொல்லாளர் இந்தத் திருமணத்தைக் கைவிட்டுச் 'சேர்க்கை' என்ற பொதுச்சொல்லைத் தேர்ந்தது என் கருத்தில் நல்ல முடிவு. ஒரே பூவுக்குள் நடப்பதைத் திருமணம் என்றால் மாணவன் சிரிப்பான். சேர்க்கை என்றால் இயல்பாக ஏற்றுக்கொள்வான்.

முன்பாதிகளே நமக்கு முக்கியமானவை. 'ஆட்டோ' தான் என்பது. 'அல்லோ' பிற என்பது. 'கெய்ட்டோன்' அண்டை வீட்டுக்காரர். 'ஜீனோஸ்' வெளியூரார், முன்பின் அறியாதவர். விருந்தினர் என்ற பொருளும் அதற்கு உண்டு. இந்த இரட்டைப் பொருள் தமிழருக்குப் புதிதன்று. விருந்து என்ற நம் சொல்லும் முதலில் புதுமையைக் குறித்தது. தொல்காப்பியச் செய்யுளியல் அதைப் புதிதாகப் புனையப்படும் யாப்பின் மேல் வைத்து ஆள்கிறது. பின்னர் புதிதாக வந்தவரைக் குறித்து, அவருக்கு இடும் உணவையும் குறிக்கலாயிற்று. பூவின் தேனைக் கவர வரும் அழையா விருந்தினரான எறும்பு முதலியவற்றைப் பூக்கள் எவ்வாறு தடுக்கின்றன என்பதையே கெர்னர் அந்நாட்களில் ஆராய்ந்துகொண்டிருந்தார் என்பதை அறிந்தால், அவர் ஏன் அண்டையாரையும் வெளியூராரையும் நினைத்துப் பெயர் வைத்தார் என்பது விளங்கும்.

இனித் தமிழ்ச்சொல்லுக்கு வருவோம். அயல் என்பது நம் மொழியில் இந்த இரண்டு பொருளையும் ஒருங்கே தாங்கும் சொல். அயல்வீடு என்றால் அடுத்த வீடு. அயல்நாடு என்றால் கடல் கடந்த நாடு. அயலார் என்பது பக்கத்து வீட்டாரையும் குறிக்கும், உறவல்லாதவரையும் குறிக்கும். கெர்னர் இரண்டாகப் பிரித்து வைத்ததைத் தமிழ் ஒரே சொல்லில் அடக்கியிருக்கிறது. அல்லோகேமி என்ற பொதுப்பெயருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறு மொழியில் கிடைப்பது அரிது என்றே சொல்வேன். ஆனால் அந்தப் பொதுப்பெயரை அதன் உட்பிரிவாகிய ஜீனோகேமிக்கும் ஆள்வதும், அண்டைப் பூச் சேர்க்கைக்குத் தனித் தமிழ்ப்பெயர் இல்லாமல் கிரேக்கச் சொல்லை அப்படியே எழுதிவிடுவதும்தான் குழப்பத்தை வளர்க்கின்றன. 'தன்பூச் சேர்க்கை', 'அண்டைப்பூச் சேர்க்கை', 'பிறசெடிச் சேர்க்கை' என்று மூன்றையும் தனித்தனியே சொல்லி, பின்னிரண்டுக்கும் பொதுவாக 'அயற்சேர்க்கை' என்றால் ஒரு வகுப்பு நேரத்தில் மாணவருக்குத் தெளிவாகிவிடும். இவற்றைவிட நல்ல சொற்கள் ஏற்கெனவே யாரிடமேனும் இருந்தால் அவற்றையே ஆளலாம். பிரிவு முக்கியம், பெயர் அடுத்தது.

பிரிவு ஏன் முக்கியம் என்பதற்கு டார்வின் தந்த விடை இன்றும் போதுமானது. கெர்னர் பெயரிட்ட அதே 1876-இல் டார்வின் தன் பதினோராண்டுச் சோதனைகளின் முடிவுகளை வெளியிட்டார். ஐபோமியா பர்ப்பூரியா என்ற கொடியைப் பத்துத் தலைமுறைகளுக்குத் தன் சேர்க்கையிலும் செடிக்குச் செடிச் சேர்க்கையிலும் தனித்தனியே வளர்த்து அளந்தபோது, பிறசெடிச் சேர்க்கையில் பிறந்தவை 100 என்ற உயரம் இருந்தால் தன் சேர்க்கையில் பிறந்தவை சராசரியாக 77 உயரமே இருந்தன. இதைப் பலரும் எடுத்தெழுதுவர். அதிகம் பேசப்படாதது அவருடைய மற்றொரு முடிவு: ஒரே செடியின் இரண்டு பூக்களிடையே தாதை மாற்றி வைத்தால் அந்த நன்மை அனேகமாகக் கிட்டுவதில்லை. பூ வேறாக இருந்தால் மட்டும் போதாது. பெற்றோரின் உடலமைப்பு வேறுபட்டிருக்க வேண்டும் என்று அவர் கண்டார். மெண்டலின் ஆய்வு கவனிக்கப்படாமல் கிடந்த காலம் அது. மரபணு என்ற சொல்லே பிறக்கவில்லை. எனினும் அண்டைப்பூச் சேர்க்கை பார்வைக்கு அயல், பரம்பரையில் தன் என்ற உண்மையை டார்வின் அளவுகோல் ஒன்றைக் கொண்டே காட்டிவிட்டார்.

இவ்வளவும் சொன்னபின், தங்கள் கட்டுரையாளர் தரப்பில் எழக்கூடிய ஒரு மறுப்பையும் கருத வேண்டும். ஒரு கொடியின் வெனிலாத் தாதை எடுத்து வேறொரு கொடியின் பூவில் வைத்தால் அது பிறசெடிச் சேர்க்கை ஆகாதா என்று கேட்கலாம். சொல்லளவில் ஆகும், பொருளளவில் எங்கள் தீவில் ஆகாது. வெனிலாவை இங்கே எவரும் விதையிட்டு வளர்ப்பதில்லை. கொடியைத் துண்டாக வெட்டி நட்டுப் பெருக்குகிறார்கள். துண்டிலிருந்து வளரும் கொடி தாய்க்கொடியின் மறுபிரதி. அதிலிருந்து வெட்டிய துண்டும் அவ்வாறே. இத்தீவின் ஆய்வாளர்கள் பங்கேற்று 2008-இல் வெளியிட்ட மரபணு ஆய்வு, ரீயூனியனில் பயிராகும் வெனிலா இனமான வெனிலா பிளானிஃபோலியா பெரும்பாலும் தொடக்கத்தில் வந்த ஒரே மரபுவகையிலிருந்து பெருகியதே என்று காட்டியது. சேன்-பிலிப் எரிமலைச் சரிவில் படரும் கொடியும், பல மைல் தள்ளி சேன்த்-சூசானில் படரும் கொடியும், வேர் வேறாயினும் மரபில் ஒரே செடியின் இரு கிளைகள் என்றே கொள்ளத்தக்கவை. எனவே ஒன்றின் தாதை மற்றொன்றுக்கு எடுத்துச் சென்றாலும் நடப்பது அண்டைப்பூச் சேர்க்கைக்கு மேற்பட்டதன்று. கெர்னர் வேலியைச் செடிக்கும் செடிக்கும் நடுவில் போட்டார். இன்றைய தாவரவியல் அதை மரபுக்கும் மரபுக்கும் நடுவில் போடுகிறது. வாழைக்கும் கரும்புக்கும் இதே நியாயம் பொருந்தும். ஒரு கரும்புத் தோட்டம் முழுவதும் ஒரே வகையின் கரணைகளால் நடப்பட்டிருந்தால், கண்ணுக்குப் பல்லாயிரம் செடிகளாகத் தோன்றுவது மரபுக் கணக்கில் ஒன்றே.

தன் சேர்க்கை தாழ்ந்தது, அதனால் அல்பியுஸின் பெருமை குறைந்துவிடும் என்று எண்ண வேண்டியதில்லை. வெனிலா விவசாயிக்குத் தேவை காய், விதையன்று. சேர்க்கைக்குப் பின் எட்டு ஒன்பது மாதங்களில் முற்றும் அந்தக் காயைப் பறித்து, வெந்நீரில் அமிழ்த்தி, வியர்க்க வைத்து, வெயிலிலும் நிழலிலும் மாற்றி மாற்றி உலர்த்தி மணமேற்றுவார்கள். உள்ளே இருக்கும் மணல்போன்ற விதைகளை எவரும் முளைக்க வைக்கப் போவதில்லை என்பதால், டார்வின் கண்ட வளர்ச்சிக் குறைவு இங்கே யாருக்கும் இழப்பன்று. அதற்கான விலை வேறிடத்தில் வருகிறது. எல்லாக் கொடிகளும் ஒரே மரபு என்பதால், ஃபுசேரியம் பூஞ்சையால் வரும் வேரழுகல் ஒரு கொடியை வீழ்த்துமானால் மற்றவற்றுக்கும் அதைத் தாங்கும் வலிமை இருப்பதில்லை. நோய் தாங்கும் வகை வேண்டுமானால் உண்மையான அயல் மரபைத் தேடித்தான் செல்ல வேண்டும்.

அல்பியுஸின் வரலாற்றில் கட்டுரையாளர் விட்டுவிட்ட ஒரு செய்தி இந்த விவாதத்துக்கு நேரடியாகப் பயன்படுகிறது. அவனுடைய எஜமானர் ஃபெரெயோல் பெலியே-போமோன், வெனிலாவுக்கு முன்னரே, பூசணிக் குடும்பத்துக் கொடி ஒன்றில் ஆண்பூவின் தாதைப் பெண்பூவில் வைத்துக் காய்க்கச் செய்யும் முறையைச் சிறுவனுக்குக் காட்டியிருந்தார். பூசணி, பாகல், புடல், சுரை எல்லாவற்றிலும் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் தனித்தனியே பூப்பவை. ஆகவே எஜமானர் கற்பித்தது பெரும்பாலும் அண்டைப்பூச் சேர்க்கை. சிறுவன் கண்டுபிடித்தது தன்பூச் சேர்க்கை. பூசணியில் இரண்டு பூக்களைப் பார்த்துப் பழகிய கண், வெனிலாவில் ஒரே பூவுக்குள் இரண்டும் இருப்பதையும், நடுவில் ஒரு மடல் தடுப்பதையும் தானே கண்டுகொண்டது என்பதில்தான் அவனுடைய நுட்பம் இருக்கிறது. அவன் செய்ததையும் அயல் சேர்க்கை என்று எழுதிவிட்டால், கற்றதற்கும் கண்டதற்கும் உள்ள வேறுபாடே அழிந்துபோகிறது. ழான் மிஷேல் கிளோத் ரிஷார் என்ற தாவரவியலாளர் பின்னாளில் இந்தக் கண்டுபிடிப்பு தன் போதனையின் பயனே என்று உரிமை கொண்டாடியபோது, பெலியே-போமோன் சிறுவனின் பக்கம் நின்று மறுத்தெழுதினார். 1848-இல் அடிமைமுறை ஒழிந்து விடுதலை பெற்றபோதும், 1880-இல் வறுமையில் இறந்தபோதும், தன் கண்டுபிடிப்பால் செழித்த பெருந்தொழிலில் அல்பியுஸுக்குப் பங்கு எதுவும் கிடைக்கவில்லை. கண்டுபிடிப்பையாவது சரியான பெயரால் சொல்லலாமே.

மாணவர்களுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் தமிழ்நாட்டிலேயே மிகத் தெளிவானவை உண்டு. பனை ஆண் வேறு, பெண் வேறாக வளரும் மரம்; ஆண்பனையை அலகுப்பனை என்றும் பெண்பனையைப் பருவப்பனை என்றும் பனைத்தொழில் செய்வோர் பிரித்தறிவர். பனையில் தன்பூச் சேர்க்கைக்கும் அண்டைப்பூச் சேர்க்கைக்கும் இடமே இல்லை. நுங்கு ஒவ்வொன்றும் பிறசெடிச் சேர்க்கையின் விளைவு. ஆண்பனை குலை ஈன்றதைத் திருவோத்தூர்ப் பதிகத்தில் திருஞானசம்பந்தர் அருஞ்செயலாகப் பாடுகிறார் என்றால், ஆண்பனை காய்க்காது என்பது ஏழாம் நூற்றாண்டுத் தமிழருக்கு எளிய பொது அறிவாக இருந்தது என்பது பொருள். தாதின் பணியை ஐரோப்பாவில் காமெராரியஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் சோதனையால் நிறுவியது 1694-இல். இதைக்கொண்டு தாவரவியலை நாமே கண்டோம் என்று சொல்லிவிட முடியாது. மரத்தில் ஆண் பெண் அறிவது வேறு, தாது என்ன செய்கிறது என்பதைச் சோதித்து நிறுவுவது வேறு. பனையைப் போலவே ஆணும் பெண்ணும் பெரும்பாலும் தனி மரங்களான பப்பாளியையும் சேர்த்துக்கொள்ளலாம். அண்டைப்பூச் சேர்க்கைக்குச் சௌசௌ போதும். எங்கள் தீவின் சலாசிப் பள்ளத்தாக்கில் பந்தல் பந்தலாகப் படரும் அந்தக் கொடியை இங்குள்ளோர் 'ஷூஷூ' என்பார்கள். ஒரே கொடியின் ஆண்பூவிலிருந்து பெண்பூவுக்குத் தேனீ நடந்தே போய்விடும்.

பூச்சி உதவினால் அயல் என்ற எண்ணத்தைக் கலைப்பதற்கு எங்கள் காட்டு ஆர்க்கிட் ஒன்றும் உதவும். ரீயூனியனின் ஆங்கிரேக்கம் கடேட்டி என்ற ஆர்க்கிட்டின் பூக்களுக்கு இரவில் வரும் சிறகில்லா வெட்டுக்கிளி இனப் பூச்சி ஒன்று தாதைச் சுமந்து செல்வதை இங்குப் பணியாற்றிய ஆய்வாளர்கள் படம்பிடித்து 2010-இல் வெளியிட்டார்கள். பூவைத் தின்பதற்கே பேர்போன கூட்டத்தைச் சேர்ந்த ஒரு பூச்சி தாது சுமப்பது அறிவியலாளரை வியக்க வைத்தது. அந்தப் பூச்சி ஒரு செடியிலேயே பூவுக்குப் பூ ஏறினால் அது அண்டைப்பூச் சேர்க்கை; இறங்கி அடுத்த மரத்திலுள்ள செடிக்குப் போனால் பிறசெடிச் சேர்க்கை. சுமப்பது அதே பூச்சிதான்.

கட்டுரையில் 'கருவுறுதல்' என்று எழுதப்பட்டிருப்பதைப் பற்றியும் சில சொற்கள். தாது சூலகமுடியைச் சேர்வது சேர்க்கை. தாதிலிருந்து வளரும் குழல் சூலை அடைந்து ஆண் உட்கரு பெண் உட்கருவோடு ஒன்றுவது கருவுறுதல். டார்வின் காலத்து ஆங்கில நூல்களில் இரண்டும் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டதை நாம் குறையாகச் சொல்ல முடியாது. தாதுக்குழலை இத்தாலிய அறிஞர் அமிச்சி 1824-இலேயே கண்டிருந்தாலும், பூக்கும் தாவரத்தில் உட்கருக்கள் ஒன்றுவதைத் தாவரவியலாளர் ஸ்ட்ராஸ்பர்கர் உறுதிசெய்தது 1884-இல்தான். ஆர்க்கிட் குடும்பத்தில் இவ்வேறுபாடு மிகத் தெளிவாக இருக்கிறது. மற்றப் பல தாவரங்களில் பூ விரியும்போதே சூல்கள் முதிர்ந்து காத்திருக்கும். ஆர்க்கிட்டுகளில் தாது வந்து சேர்ந்த பின்னரே சூல்கள் உருவாகி முதிரத் தொடங்குகின்றன. எனவே மணம் முடித்துவைத்த பெண் அடுத்த கொடிக்குப் போய், பூவும் வாடிச் சுருங்கி, நாட்கள் பல சென்ற பிறகே கருவுறுதல் நடக்கிறது. அல்பியுஸின் கை செய்தது சேர்க்கை மட்டுமே.

கலப்பினம் என்பதும் இவற்றோடு சேர்த்துக் குழப்பப்படுகிறது. இரண்டு வெவ்வேறு இனங்கள் கலந்து பிறப்பது கலப்பினம். ஜெர்மானியத் தாவரவியலாளர் கோல்ராய்ட்டர் 1760-களில் இருவகைப் புகையிலைகளைக் கலந்து பெற்றது அத்தகையது. தாகித்தித் தீவின் மணமிக்க வெனிலாவும் பிளானிஃபோலியா, ஒடோராட்டா என்ற இரு வெனிலா இனங்கள் கலந்து பிறந்தது என்பதை 2008-இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. கலப்பினம் ஒவ்வொன்றும் அயற்சேர்க்கையின் பயன். ஆனால் அயற்சேர்க்கை ஒவ்வொன்றும் கலப்பினத்தைத் தருவதில்லை. இரண்டு பருவப்பனைகளுக்கு ஒரே அலகுப்பனையின் தாது சேர்வது அயற்சேர்க்கை, பிறப்பது பனையே.

இறுதியாக 'மகரந்தம்' என்ற சொல்லைப் பற்றியும் ஒன்றைக் குறிப்பிடலாம். வடமொழியில் அது பூந்தேனைக் குறிக்கும் சொல். தமிழில் தாதையும் குறிக்கும் வகையில் விரிந்தது. சங்கப் புலவர் தேனீயையும் வண்டையும் 'தாதுண் பறவை' என்று சுட்டியபோது, தேன் வேறு தாது வேறு என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது. நான் இக்கடிதத்தில் தாது என்றே எழுதி வந்தது அதனால்தான். ஆயினும் மகரந்தச் சேர்க்கை என்பது பாடநூல்களில் வேரூன்றிவிட்ட தொடர். அதைப் பெயர்க்க முயல்வது மாணவருக்கு இன்னொரு சுமையாகும் என்பதால், அதை அப்படியே விட்டுவிட்டு முன்னொட்டை மட்டும் துல்லியமாக்கிக் கொள்வதே போதும்.

ஆகவே, மாணவர் பகுதியின் அடுத்த இதழில், அல்பியுஸ் செய்தது தன் மகரந்தச் சேர்க்கை என்றும், கருவுறுதல் அதன்பின் நிகழும் வேறு நிகழ்ச்சி என்றும் ஒரு திருத்தக் குறிப்பை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையின் ஓரத்தில் அச்சிடப்பட்டிருந்த படத்தில், ஒரு கொடியிலிருந்து மறுகொடிக்கு அம்புக்குறி இடப்பட்டிருக்கிறது. அதையும் ஒரே பூவின் உள்ளே, மடலுக்கு மேலிருந்து கீழாக மாற்றி வரையச் செய்தால் நன்றாக இருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
சேன்-அந்த்ரே, ரீயூனியன்